படகு டேங்குக்கு அடியில் ஓட்டை ஆகாது

ஏற்காடு மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்கே ஒரு வெல்டிங் பட்டறை வாசலில், லாரி டேங்குகளுக்கு நடுவே, முப்பது லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் டேங்க் ஒன்று கிடந்தது. மேட்டூர் அணை நீரில் ஓடும் சின்ன ஃபைபர் படகினுடையது. படகுக்காரர் என் நண்பர். பண்ணவாடிப் பக்கமிருந்து பைக்கில் கட்டி எடுத்து வந்திருந்தார். துணைக்கு நானும் போனேன்.

டேங்கின் அடியில் குழாய் வைத்திருந்தார்கள். பைக்கிலும் பம்புசெட்டிலும் அப்படித்தான். ஓஸ் விட்டுப்போனால் பெட்ரோல் தரையில் கொட்டும், ஆவி காற்றோடு போகும். படகோ சட்டி மாதிரி. கொட்டியது முழுக்க உள்ளேயே தங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் தரைப்பலகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி சேர்ந்தாலே பற்றும். சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும். பண்ணவாடிக்கும் எதிர்க்கரை நாகமரைக்கும் நடுவே அப்படி நேர்ந்தால் குதிக்கத் தண்ணீர் உண்டு, ஏறக் கரை கிடையாது.

பட்டறைக்காரர் கருவியைத் தொடுவதற்கு முன் பையனைக் கூப்பிட்டார். "தம்பி, சோப்புத் தண்ணி ஊத்தி மூணு தடவ அலசு. அப்புறம் ரொப்பு." எங்களிடம் திரும்பி, "காலி டேங்க்னு நெனச்சுப் பத்த வெச்சவங்கதானுங்க அடிபட்டவங்க" என்றார். உள்ளே திரவம் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும், வெடிப்பது அதுதான். டேங்கைச் சாய்த்து, வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் மேலே தெரியும்படி தண்ணீர் ரொப்பினார்கள். சூட்டில் எழும் ஆவி போக ஏர் பைப் வாயைத் திறந்தே விட்டார். அடி ஓட்டையை ஆர்கான் வெல்டிங்கில் மூடினார்.

புதுக் குழாய் மேலிருந்து இறங்கியது. அடியைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் நிறுத்தினார். காரணம் உண்டு. இப்போது பங்க்கில் பிடிப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். எஞ்சின் அதை உறிஞ்சினால் நடு அணையில் நின்றுவிடும். பழைய ஓஸை பிளேடால் கீறிக் காட்டினார். உள்சுவர் ஊறிப் பருத்து, தொட்ட விரலில் கருப்பாக ஒட்டியது. எத்தனால் தாங்கும் ஓஸாக மாற்றி, இரு முனையிலும் இரண்டிரண்டு கிளாம்ப் போட்டார்.

நிப்பிளில் சுற்ற நண்பர் சட்டைப்பையிலிருந்து டெஃப்லான் டேப்பை எடுத்தார். "இது தண்ணிக் குழாய்க்குங்க. பிசுறு பிரிஞ்சு கார்புரேட்டர்ல போய் அடைச்சுக்கும்" என்று வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பெட்ரோலில் கரையாத பசையைத் தடவினார்.

கடைசியில் சோதனை. சைக்கிள் பம்பால் காற்று ஏற்றினார், மூன்று பவுண்டு மட்டும். அதற்கு மேல் போனால் தகடு உப்பிவிடும். சோப்பு நுரையைத் தடவிக் காத்திருந்தோம். நிப்பிளின் காலடியில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. கண்ணுக்கே தெரியாத ஓட்டை அது. மறுபடி தண்ணீர் ரொப்பி, மறுபடி வெல்டிங் வைத்து, மறுபடி நுரை தடவினார். இரண்டாம் முறை குமிழி இல்லை. அந்தப் பொறுமைக்கே கூலி கொடுக்கலாம்.

ஏர் பைப் முனையைப் படகுக்கு வெளியே நீட்டி, கீழ்நோக்கி வளைத்து, வலை கட்டச் சொல்லி அனுப்பினார்.

மோட்டார் படகு வைத்திருப்பவர்களே, எஞ்சினைக் கிளப்பும் முன் தரைப்பலகையைத் தூக்கி ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆட்களை ஏற்றாதீர்கள்.