நாளைக்கு எட்டு இடி

1964 பிப்ரவரி முதல் ஜூலை வரை அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்துக்கு மேலே ஒலியைவிட வேகமாக விமானம் ஓட்டி, அப்போது எழும் இடி போன்ற முழக்கத்தை ஜனங்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 1,253 முழக்கம், நாளைக்கு எட்டு. முதலாவது காலை ஏழுக்கு. சிலர் அதையே அலாரமாக வைத்துக்கொண்டார்களாம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கு எழுந்திருக்கும் எனக்கு அது புரிகிறது.

முதல் 14 வாரத்திலேயே இரண்டு உயரமான கட்டடங்களில் மட்டும் 147 ஜன்னல்கள் நொறுங்கின. அப்படியும் கருத்துக்கணிப்பில் 73 சதவீதம் பேர் சகித்துக்கொள்வோம் என்றார்களாம். நல்ல மனுஷர்கள்! எனக்கு உறுத்துவது மிச்ச 27. நாலு பேர் உள்ள வீட்டில் ஒருத்தருக்கு ஆகவில்லை என்று அர்த்தம். அதுவும் ராத்திரியில் சோதனையே கிடையாது.

1973-இல் நிலப்பரப்புக்கு மேல் ஒலியைவிட வேகமாகப் பறக்கப் பயணிகள் விமானங்களுக்கு அங்கே தடை வந்துவிட்டது. அந்தக் குக்கருக்குத்தான் இன்னும் வரவில்லை.