“அப்படியா?”

அலாஸ்கா போய்வந்து இரண்டு வருஷமாகிறது. கேட்டவர்களிடமெல்லாம், “கப்பலா முக்கியம்? போற இடத்தைப் பார்த்து டிக்கெட் போடணும்ங்க” என்று சொல்லிவருகிறேன். கல்யாணப் பந்தியில் சொன்னேன், காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் சொன்னேன். அத்தனையும் பொய். நான் கப்பலைப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டேன். அதை மறைக்க இன்னொரு பொய்யும் சொன்னேன். முதல் பொய் ஊருக்கு. இரண்டாவது, முப்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு.

விஷயம் என் சகலையிடமிருந்து தொடங்குகிறது. அவர் சிங்கப்பூரிலிருந்து மூன்று ராத்திரி கப்பலில் போய்வந்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும் போனைக் கையில் கொடுத்து வீடியோ காட்டுவார். நீச்சல் குளம், சறுக்கு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கிடைக்கும் சாப்பாடு. “பதினெட்டு மாடி, மாப்ளே” என்பார். எந்தெந்த ஊருக்குப் போனார் என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நடுவுல ஒரு தீவுல நிறுத்துனான்” என்றார். அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் அந்தப் பதினெட்டு என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

மகன் சியாட்டிலில் இருக்கிறான். அந்த வருஷம் ஜூனில் நாங்கள் அங்கே இருந்தபோது, “அலாஸ்கா போவோம்ப்பா, இங்கிருந்தே கப்பல் கிளம்புது” என்று லேப்டாப்பைத் திறந்தான். இரண்டு கப்பல்கள். இரண்டும் ஏழு நாள். காசும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே காசின் மேல் பழி போட எனக்கு வழியில்லை. முதலாவது கொஞ்சம் பழசு, சிறியது, வயசானவர்கள் அதிகம் போவது. இரண்டாவது புத்தம் புதுசு. உள்ளேயே டேஷிங் கார் ஓடுகிறது! சித்திரைப் பொருட்காட்சியில் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றவனுக்கு, நடுக்கடலில் டேஷிங் கார் என்றால் சும்மாவா?

மகன் தெளிவாகத்தான் சொன்னான். “பழைய கப்பல் கிளேசியர் பே போகுதுப்பா. புதுசு போகாது. அதுக்குப் பதிலா எண்டிகாட் ஆர்ம்னு வேற ஒரு இடத்துக்குப் போகும். அம்மா கேட்டது கிளேசியர் பேதான்.”

என் மனைவி இருபத்தெட்டு வருஷம் புவியியல் ஆசிரியை. பனியாறு எப்படி நகர்கிறது, போகிற வழியெல்லாம் பாறையை எப்படிச் சுரண்டுகிறது, அது செதுக்கிய ‘யு’ வடிவப் பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் எப்படி ஃபியார்டு ஆகிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்தவள். நேரில் பார்த்த பனி, ஃப்ரிட்ஜில் இருந்ததுதான். கிளேசியர் பே பற்றி அவளுக்கு மனப்பாடம். 1794இல் வான்கூவர் என்ற ஆங்கிலேய மாலுமியின் ஆட்கள் அந்தக் கரையோரம் போனபோது அங்கே விரிகுடாவே கிடையாது. வாயை அடைத்துக்கொண்டு ஒரே பனிச் சுவர். 1879இல் ஜான் மியூர் போனபோது பனி வெகுதூரம் உள்ளே போயிருந்தது. இன்றைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கி, அது விட்டுப்போன இடமெல்லாம் கடல். “இருநூத்தம்பது வருஷத்துக்குள்ள ஒரு கடலே பிறந்திருக்குங்க” என்பாள், ஏதோ பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்ததைச் சொல்வதுபோல. ஒரு மைல் அகலமுள்ள மார்ஜெரி பனியாற்றின் முகப்பு இடிந்து கடலில் விழுவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அப்படி உடைந்து விழுவதை ஆங்கிலத்தில் கன்று ஈனுவது என்றே சொல்வார்களாம்.

அந்த இடம் தேசியப் பூங்கா. பெரிய கப்பல்களுக்கு நாளொன்றுக்கு இரண்டுதான் அனுமதி. அதனால்தான் எல்லாக் கப்பலும் அங்கே போவதில்லை. இவ்வளவும் அன்றைக்கே எனக்குத் தெரியும். மகன் இன்னொரு முறை, “அம்மாட்ட கேட்டுக்கோங்கப்பா” என்றான். அவள் அடுக்களையில் பேரனுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எட்டி நின்று, “ரெண்டு கப்பல் இருக்கு. ரெண்டும் பனியாறுதான் காட்டுறான். புதுசாப் போட்டுறலாமா?” என்றேன். “உங்க இஷ்டம்” என்றாள். ‘ரெண்டும்’ என்ற அந்த ஒரு சொல்லில் ஒளிந்துகொண்டேன். மகன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் கிளம்பி அமெரிக்காவிலேயே முடிகிற பயணம்தானே என்று நினைத்திருந்தோம். கனடா விசாவும் வேண்டும் என்றார்கள். 1886இல் போட்ட ஒரு சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி, நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைக்கூடத் தொடாமல் திரும்பக் கூடாது. அந்தக் கணக்கைச் சரிக்கட்டக் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதற்காகக் கைரேகை கொடுத்து விசா வாங்க வேண்டும். அந்த அலைச்சலை எல்லாம் முகம் சுளிக்காமல் செய்தேன். பயண நிரலை அவளிடம் ஒரு முறை வாசித்துக் காட்டத்தான் நேரமில்லாமல் போயிற்று.

கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். பஃபேயில் பருப்பும் பனீரும் வைத்திருந்தார்கள். பேரனும் நானும் முதல் நாளே டேஷிங் கார் ஓட்டினோம். பணம் கட்டி இண்டர்நெட் வாங்கி அந்த வீடியோவை சகலைக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அதைவிட இனிப்பான பதில் அந்த மாதம் எனக்கு வேறெதுவும் வரவில்லை.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல். மதியம் அவள் வரவேற்பு மேசைக்குப் போய், பூங்கா ரேஞ்சர்கள் எந்த நாள் ஏறுவார்கள் என்று கேட்டிருக்கிறாள். கிளேசியர் பே போகும் கப்பல்களில் ரேஞ்சர்கள் படகில் வந்து ஏறி, நாள் முழுக்க மைக்கில் விளக்கம் சொல்வார்கள் என்று படித்திருந்தாள். கேட்க வேண்டிய கேள்விகளைக்கூட ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அங்கிருந்த பையன் மரியாதையாக, “இந்தக் கப்பல் அங்கே போகாது, மேடம்” என்று சொல்லிவிட்டான்.

அறைக்கு வந்து, “என்னங்க, நம்ம கப்பல் கிளேசியர் பே போகலையாமே” என்றாள். குரலில் கோபமில்லை. எனக்கும் அது அப்போதுதான் தெரியவருகிறது என்ற நம்பிக்கையில், ஏமாந்த இருவரில் ஒருத்தியாக என்னிடம் வந்து சொன்னாள். நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, “அப்படியா?” என்றேன்.

ஒப்புக்கொள்ள வந்தது இதைத்தான். கப்பலுக்கு ஆசைப்பட்டதைக்கூட மன்னித்துவிடலாம், மனுஷ ஆசை. அந்த “அப்படியா?”வுக்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. புருவத்தை வேறு உயர்த்தினேன். “பையன் சரியாப் பார்க்கலை போல” என்று ஒன்றும் சேர்த்தேன். பழியைத் தூக்கிப் பெற்ற பிள்ளை தலையில் வைத்துவிட்டு, சாயங்காலம் என்ன ஷோ என்று பார்க்கப் போனேன்.

எண்டிகாட் ஆர்ம் நான்காம் நாள் காலை வந்தது. அதுவும் ஃபியார்டுதான், சாதாரண இடமில்லை. இருபுறமும் செங்குத்துப் பாறை, மேலிருந்து நூல் நூலாக அருவிகள், கோடியில் டாஸ் என்ற பனியாறு. ஆனால் பெரிய கப்பல் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பதைத் தண்ணீரில் மிதக்கும் பனிதான் முடிவு செய்கிறது. கிட்டே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் கப்பலிலிருந்து சின்னப் படகு ஒன்று கூட்டிப்போகும், தனிக் கட்டணம். அந்தக் கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவன் நான். இண்டர்நெட்டுக்குக் கட்டும்போது பெருக்கிப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கெல்லாம் அவள் ஸ்வெட்டருக்கு மேல் மகனின் கோட்டைப் போட்டு, மப்ளர் கட்டி, மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய பைனாகுலரோடு மேல்தளத்துக்குப் போய்விட்டாள். பனி அடர்த்தியாக இருப்பதால் இதற்கு மேல் போக முடியாது, திரும்புகிறோம் என்று கேப்டன் அறிவித்தபோது நான் ஆம்லெட் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். இடத்தை விட மனமில்லை. தட்டோடு மேலே போனபோது கப்பல் பாதி திரும்பியிருந்தது. கடைசி வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த பனியாறு அந்தப் பக்கமே இருந்துவிட்டது. அவள் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் மார்க்கெட்டில் இறக்குவார்களே, அந்த ஐஸ் பாளம் அளவில் ஒன்று கப்பலை ஒட்டி மிதந்து போனது. வெள்ளையில்லை, பேனா மை நீலம். சற்றுத் தள்ளி இன்னொன்றின் மேல் ஒரு கடல்நாய், குட்டியோடு. “அழுத்தத்துல காத்துக் குமிழெல்லாம் வெளிய போயிரும். அதான் இந்த நீலம்” என்றாள், என்னிடம் இல்லை, பேரனிடம். அவன் குளிருது என்று உள்ளே ஓடிவிட்டான். நான் ஆம்லெட்டைச் சாப்பிட்டேன். அது ஆறிப்போயிருந்தது.

ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாறு இருக்கிறது, ஊரிலிருந்து 20 கிலோமீட்டர், பஸ்ஸே போகும். ஏரிக்கு அந்தக் கரையில் தெரிந்தது. “பார்த்துட்டோம்ல?” என்றேன், கடனை அடைத்தவன்போல. “இது ஏரியில முடியிறது. நான் சொன்னது கடல்ல விழுறது” என்றாள். பாடத்தில் பிழை வந்தால் அவளால் விட முடியாது. ராத்திரி ஷோவுக்கு இடம் பிடிக்க வேண்டும் என்று நாற்பதாவது நிமிஷம் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். கெச்சிகானில் மழை. ஸ்காக்வேயில் 1900இல் போட்டு முடித்த மலை ரயில். நம் ஊட்டி ரயிலைவிடக் குறுகலான தண்டவாளம். அது மட்டும் எல்லோருக்கும் பிடித்தது. விக்டோரியாவில் இறங்கி ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். விசா வீணாகக் கூடாதல்லவா.

கப்பல்தான் வேண்டுமென்றால் அதில் தப்பில்லை. சகலை நேர்மையான மனுஷர். கப்பலைப் பார்க்கப் போனார், கப்பலைப் பற்றித்தான் பேசினார். நான்தான் டேஷிங் காருக்காகப் போய்விட்டு, ஊருக்கு வந்து பனியாற்றைப் பற்றி லெக்சர் அடித்தேன். அதில் பாதி, அவள் நோட்டிலிருந்து திருடியது.

போன வாரம் அவளிடம் உண்மையைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுதாகக் கேட்டாள். “தம்பிக்கும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள். “தெரியும். ரெண்டு தரம் சொன்னான்” என்றேன். “பாவம், அவனைத் திட்டிட்டேனே” என்றாள். அவனுக்கு அவள் போன் செய்து திட்டியது அன்றுவரை எனக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான்.

சியாட்டிலிலோ வான்கூவரிலோ பிள்ளைகள் இருந்து, அலாஸ்காவுக்கு டிக்கெட் போட லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பலின் படங்களைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். எந்த நாள் எங்கே என்கிற பட்டியலை எடுத்து, கூட வரப்போகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏழு நாளையும் வாய்விட்டு வாசியுங்கள். அடுக்களையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால், அணைத்துவிட்டு வரச்சொல்லி வாசியுங்கள்.