ஹப்பில் ரெண்டு துளை இருந்தால் ரெண்டு திரை ஆகிடாது

லேப்டாப்பில் ரெண்டு மூணு மானிட்டர் மாட்டுவது எப்படின்னு போன வாரம் நாலஞ்சு பேர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீங்க. என் ஓபி மேசை போட்டோவைப் பார்த்துட்டுத்தான் கேட்டீங்கன்னு தெரியும்.

சொல்றேன். ஆனா அந்த மேசையில் நடந்த ஒரு விஷயத்தையும் சேர்த்துத்தான் சொல்லணும். அதை விட்டுட்டு ஒயர் எதுல சொருகணும்னு மட்டும் சொன்னா பாதி பதில்தான்.

நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். கம்ப்யூட்டர் படிச்சவன் கிடையாது. கெட்டுப்போனா அணைச்சுட்டு மறுபடி போடுற கோஷ்டி.

எங்க ஓபியில் சர்க்கரை, பிரஷர், இருமல், மூட்டுவலி எல்லாம் ஒரே வரிசையில் வரும். ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம். அதில் பாதி நேரம் நான் லேப்டாப்பைப் பார்த்து டைப் அடிச்சிட்டிருப்பேன். எதிரில் உட்கார்ந்திருக்கிறவங்க லேப்டாப்பின் முதுகைப் பார்த்துட்டிருப்பாங்க.

எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. நோயாளி பக்கம் திரும்பின மாதிரி ஒரு மானிட்டர் வேணும். "நுரையீரல்ல கோளாறு இருக்கு"ன்னு வாயால் சொல்றது வேற. எக்ஸ்ரேயைப் போட்டு "இந்த வெள்ளைத் திட்டு பாருங்கம்மா, அந்தப் பக்கம் இது இல்லை பாருங்க"ன்னு காட்டுறது வேற. காட்டினால் மாத்திரையை ஒழுங்கா எடுப்பாங்க. இது என் அனுபவம்.

அதனால் திட்டம் இப்படி. லேப்டாப் திரையில் பதிவு. என் பக்கம் ஒரு மானிட்டர், அதில் ரிப்போர்ட்டும் அன்றைய பட்டியலும். நோயாளி பக்கம் இன்னொரு மானிட்டர், அதில் காட்ட வேண்டியது மட்டும்.

மூலையில் தூசியோடு ஒரு பழைய விஜிஏ மானிட்டர் கிடந்தது. நீல முனை, ரெண்டு பக்கமும் திருகு வெச்ச ஒயர், ஞாபகம் இருக்கா? அதே. பெரிய டாக்டரிடம் கேட்டுட்டு எடுத்துக்கிட்டேன். இன்னொன்று வீட்டிலிருந்து கொண்டு போனேன், அது ஹெச்டிஎம்ஐ. ஆன்லைனில் ஒரு டைப்-சி ஹப் வாங்கினேன். ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ, மூணு யூஎஸ்பி. விலை குறைவு. ரெண்டு மானிட்டர் துளை இருக்கு, என்கிட்ட ரெண்டு மானிட்டர் இருக்கு. கணக்கு சரியாப் போச்சுன்னு நினைச்சேன்.

மாட்டினதும் ரெண்டும் எரிஞ்சது. சிஸ்டர் கைதட்டினாங்க.

ஆனா ரெண்டிலும் ஒரே படம்.

விண்டோஸ் பட்டனையும் பி-யையும் சேர்த்து அழுத்தி, எக்ஸ்டெண்ட் கொடுத்துப் பார்த்தேன். லேப்டாப் தனியா வந்தது. வெளியில் இருக்கிற ரெண்டும் மட்டும் ரெட்டைப் பிள்ளை மாதிரி அதையேதான் காட்டிச்சு. என் பக்கம் என்ன திறந்தாலும் நோயாளி பக்கமும் அதே.

அன்னைக்கே கழட்டி வெச்சிருக்கணும். செய்யலை. "எக்ஸ்ரே காட்டும்போது மட்டும் அந்த மானிட்டரைப் போடுவோம், மத்த நேரம் பட்டனை அமுக்கி அணைச்சுடுவோம்"னு ஒரு வழி கண்டுபிடிச்சேன். மனுஷ ஞாபகத்தை நம்பி ஒரு ஏற்பாடு. தியேட்டரில் பஞ்சு எண்ணாமல் வயிற்றைத் தைப்பியாடான்னு யாராவது கேட்டிருந்தா எனக்கு உறைச்சிருக்கும்.

பத்து நாள் ஓடிச்சு. பதினொன்னாவது நாள் திங்கள்கிழமை. கூட்டம் வாசலைத் தாண்டி நின்னுச்சு.

நாற்காலியில் சர்க்கரைக்கு வர்ற ஒரு அம்மா. சத்துணவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க, இங்கிலீஷ் நல்லாப் படிப்பாங்க. நான் அவங்க மாத்திரையை எழுதிட்டிருக்கேன். என் பக்க மானிட்டரில் முந்தின வாரம் சளிப் பரிசோதனை முடிவு வந்தவங்க பட்டியல் திறந்திருக்கு. அப்படின்னா அவங்க பக்கமும் திறந்திருக்கு. அணைக்க மறந்துட்டேன்.

"தம்பி, இது எங்க தெருப் பொண்ணுல்ல? அப்பா பேரும் அதேதான் போட்டிருக்கு. அதுக்கு டிபியா?"

என் கை தானாப் பட்டனுக்குப் போச்சு. அணைச்சேன். அணைச்சதே பதில் ஆயிடுச்சு.

வேற யாரோன்னு சொல்லியிருக்கலாம், அது பொய். ஆமான்னு சொன்னா துரோகம். "அம்மா, அது நீங்க பார்த்திருக்கவே கூடாதது. தப்பு என் மேல. வெளியில சொல்லாதீங்க"ன்னு சொன்னேன்.

"நான் ஏன் தம்பி சொல்லப் போறேன்"னாங்க.

அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தது எனக்குத் தெரியும். சிகிச்சை ஆரம்பிக்கிற அன்னைக்கு அவளே சொல்லியிருந்தாள். மருந்து ஒழுங்கா எடுத்தா பொதுவா ஆறு மாசத்தில் முடிகிற சிகிச்சை. சரியான மருந்து ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்தில் பெரும்பாலானவங்களிடம் அடுத்தவருக்குப் பரவுறதும் வெகுவாகக் குறைஞ்சுடும். இதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் தெரியும். தெருவுக்குத் தெரியாது.

மத்தியானம் பெரிய டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அப்புறம் அந்தப் பொண்ணு நம்பரை எடுத்து அரைமணி நேரம் கையிலேயே வெச்சிருந்தேன். பிறகு கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன்.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"யாரு பார்த்தாங்க சார்?"

அதை நான் சொல்ல முடியாது. அவங்களும் என் நோயாளிதான்.

"அப்போ தெருவுல எல்லாரையும் நான் சந்தேகப்படணும். அப்படித்தானே சார்?"

இதுக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்லை.

அன்னைக்கு ராத்திரி ட்யூட்டி. கேஸ் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து இந்த ஹப் விவகாரத்தை முதல் தடவையா ஒழுங்காப் படிச்சேன். நீங்க கேட்டதுக்குப் பதில் இனிமேதான்.

முதல் விஷயம், ஹப் படத்தை உருவாக்குறதில்லை. லேப்டாப்பில் இருக்கிற கிராபிக்ஸ்தான் உருவாக்குது. ஹப் அதைக் கடத்துது, அவ்வளவுதான். என் ஹப்புக்கு லேப்டாப்பிலிருந்து வந்தது ஒரே ஒரு படம். அதை ஹெச்டிஎம்ஐ பக்கமும் விஜிஏ பக்கமும் பிரிச்சு விட்டுது. ஒரு குழாய்த் தண்ணியை ரெண்டு பைப்பில் பிரிச்சா ஒண்ணுல பால் வராது.

உங்க ஹப்பும் இப்படியான்னு கண்டுபிடிக்க ரொம்பச் சுலபம். ரெண்டு மானிட்டரையும் மாட்டிட்டு செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கம் போங்க. லேப்டாப்போடு சேர்த்து 1, 2, 3ன்னு மூணு கட்டம் தெரிஞ்சா ஹப் ரெண்டையும் தனித்தனியாக் கொடுக்குது. 1, 2 மட்டும் தெரிஞ்சா, வெளியில் எத்தனை மானிட்டர் எரிஞ்சாலும் லேப்டாப்பைப் பொறுத்தவரை அங்கே இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். பத்து நாளும் என் லேப்டாப் ரெண்டு கட்டத்தைத்தான் காட்டிச்சு. நான்தான் பார்க்கலை.

தனித்தனியாப் பிரிக்கணும்னா அட்டையில் எம்எஸ்டி என்கிற மூணு எழுத்து இருக்கான்னு பாருங்க. ஒரே ஒயரில் ரெண்டு மூணு படத்தைத் தனித்தனிப் பொட்டலமா அனுப்புற முறை அது. விண்டோஸில் நல்லா வேலை செய்யும். மேக்கில் செய்யாது. மேக் இயங்குதளம் இந்த முறையில் திரைகளைப் பிரிச்சுக் கொடுக்கிறதில்லை, அதனால் எம்எஸ்டி ஹப் மாட்டினாலும் ரெண்டிலும் ஒரே படம்தான் வரும். அதோடு எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏரில் வெளியே ஒரு மானிட்டர்தான். எம்3 ஏரில் மூடியைச் சாத்தினால் ரெண்டு. எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலும் ரெண்டு. வாங்கும்போதே இதைப் பார்த்துக்கோங்க.

இன்னொரு வகை டிஸ்ப்ளேலிங்க். படத்தைச் சுருக்கி சாதாரண யூஎஸ்பி டேட்டா மாதிரி அனுப்பி, மறுமுனையில் ஒரு சிப் அதை விரிக்கும். மேக்கில் அந்த ஒரு திரைத் தடையைத் தாண்டவும் இது உதவும். ஆனா டிரைவர் போடணும், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் அது நடக்காது. காப்புரிமைப் பூட்டு உள்ள படங்கள் கருப்பாத் தெரியலாம். எக்செல், வேர்டுக்குப் போதும். கேம் ஆடுறவங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது, டைப்-சி துளைன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. வெளியில் பார்க்க ஒரே உருவம். சிலது சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான், படம் வெளியே வராது. துளை பக்கத்தில் டிபி சின்னமோ, தண்டர்போல்ட் மின்னல் சின்னமோ இருக்கான்னு பாருங்க. சின்னம் இல்லைன்னா மாடல் பேரைப் போட்டு தயாரிப்பாளர் பக்கத்தில் "டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு"ன்னு எழுதியிருக்கான்னு தேடுங்க. இது இல்லாத லேப்டாப்புக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஹப் வாங்கினாலும் அந்த ஹெச்டிஎம்ஐ துளை சும்மாதான்.

அப்புறம் கொள்ளளவு. கையில் ஊசி குத்தி ட்ரிப் போடுறோமே, அந்தக் கேனுலாவில் பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22. எண் கூடக்கூட ஓட்டை சின்னது. நீலத்தைக் குத்திட்டு, மேலே த்ரீ-வே மாட்டி ரெண்டு பாட்டில் தொங்கவிட்டாலும் உள்ளே போறது நீல ஓட்டை விடுற அளவுதான். இங்கேயும் அதே கதை. சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டர், நொடிக்கு 60 தடவைன்னா படத்துக்கு மட்டும் சுமார் 3 கிகாபிட் வேணும். 4கே-ன்னா சுமார் 12. டைப்-சி ஒயருக்குள் நாலு வேகப் பாதை இருக்கு. ஹப்பில் வேகமான யூஎஸ்பியும் வேணும்னா அதுக்கு ரெண்டு போயிடும், மீதி ரெண்டுதான் படத்துக்கு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அளவில் அந்த ரெண்டு பாதையில் 8.64 கிகாபிட்தான் போகும். ஃபுல் ஹெச்டி ரெண்டு தாராளமாப் போகும். 4கே ஒண்ணு 60-ல் போகாது, 30-ல் போகும். "4கே-ன்னு போட்டிருக்கே, மவுஸ் ஏன் தத்தித் தத்திப் போகுது"ன்னு கேட்பீங்களே, அது இந்த 30தான்.

மவுஸ்னதும் ஞாபகம் வருது. வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் சொருகாதீங்க. அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும், மவுஸ் திக்கும். லேப்டாப்பின் மறுபக்கம் சொருகினால் சரியாகும்.

சார்ஜரை ஹப் வழியாக் கொடுத்தால் ஹப் தனக்குன்னு கொஞ்சம் வாட் எடுத்துக்கும். 65 வாட் சார்ஜர்னா லேப்டாப்புக்கு முழுசா வராது.

சரி, நான் என்ன பண்ணினேன்?

புது ஹப் எதுவும் வாங்கலை. என் லேப்டாப்பின் இடப்பக்கத்திலேயே தனியா ஒரு ஹெச்டிஎம்ஐ துளை இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. என் பக்க மானிட்டரை நேரா அதில் சொருகினேன். ஹப்பில் விஜிஏ மட்டும், அது நோயாளி பக்கம். ரெண்டும் லேப்டாப்பின் வெவ்வேறு வாசல் வழியா வெளியே வர்றதால் மூணு கட்டம் வந்தது. ஹப்பின் ஹெச்டிஎம்ஐ துளையை மைக்ரோபோர் பிளாஸ்டர் போட்டு ஒட்டிட்டேன், வேற யாரும் தெரியாமல் சொருகிடக் கூடாதுன்னு.

ரெண்டு மானிட்டர் போதும்கிறவங்க முதலில் இதைப் பாருங்க. உங்க லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐயும், படம் தர்ற டைப்-சியும் இருந்தா பெரும்பாலும் செலவே இல்லை. கிராபிக்ஸ் எத்தனை திரை தாங்கும்னு மட்டும் பார்த்துக்கோங்க. இன்டெல் யூஎச்டி 620 மாதிரி பழசு, லேப்டாப் திரையோடு சேர்த்து மூணு தாங்கும். ஐரிஸ் எக்ஸ்ஈ நாலு.

இதோடு வேலை முடியலை. எதிரில் ஆள் உட்காருகிற மேசைன்னா இன்னும் கொஞ்சம் செய்யணும். வக்கீல், பேங்க், டியூஷன் யாரா இருந்தாலும். லேப்டாப்பையே மெயின் டிஸ்ப்ளேவா வைங்க, நோட்டிஃபிகேஷன் அங்கேதான் எட்டிப் பார்க்கும். கரண்ட் போய் ஒரு மானிட்டர் அணைஞ்சா அதில் இருந்த ஜன்னல் வேற திரைக்குத் தாவும். விண்டோஸ் 11-ல் டிஸ்ப்ளே செட்டிங்ஸில், மானிட்டர் துண்டிக்கப்பட்டால் ஜன்னல்களைச் சுருக்கு என்கிற மாதிரி ஒரு டிக் இருக்கு, போட்டு வைங்க. வாரம் ஒரு நாள் எதிர் நாற்காலியில் நீங்களே போய் உட்கார்ந்து பாருங்க. நான் இப்போ தினமும் ஓபி ஆரம்பிக்கும் முன் உட்கார்ந்து பார்க்கிறேன். சிஸ்டர் சிரிப்பாங்க.

இன்னொன்று. இந்தப் பழைய மானிட்டர் நோயாளிக்குக் காட்ட மட்டும்தான். எக்ஸ்ரே பார்த்து முடிவு சொல்ல அதுக்குன்னு அளவுத்திருத்தம் செஞ்ச மானிட்டர் வேணும்.

அந்த அம்மா அடுத்த மாசம் சர்க்கரைக்கு வந்தாங்க. நான் கேட்கலை, அவங்களே சொன்னாங்க. "யார்கிட்டயும் மூச்சு விடலை தம்பி. மருமககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

பொண்ணு, நான் போன் பண்ணின அன்னைக்குச் சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டில் தானே சொல்லிட்டாள். ஒரு மாசம் கழிச்சு, அவள் பாணியில் சொல்லணும்னு வெச்சிருந்த விஷயம். கல்யாணத் தேதி தள்ளிப் போச்சு. நின்னு போகலை.

அவளிடம் கேட்டு, அவள் படிச்சுப் பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் இதைப் போடுறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

சிகிச்சை முடிஞ்சு கடைசியா வந்த அன்னைக்கு நாற்காலியில் உட்காரவே இல்லை. பக்கத்தில் நின்னு மானிட்டரை எட்டிப் பார்த்தாள். முதல் எக்ஸ்ரேயும் புது எக்ஸ்ரேயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. வலது மேல் பக்கத் திட்டு சுருங்கி ஒரு கோடு மாதிரிதான் மிச்சம்.

"இதுல இப்போ நான் மட்டும்தானே சார் இருக்கேன்?"

"நீ மட்டும்தான்மா."

"போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கவா?"

எடுத்துக்கோம்மா, உன் படம்தானேன்னேன்.