சுட்டுவிரல்

டெல்லி கரோல்பாக்கின் கார் உதிரிச் சந்தையில் முதியவர் ஒருவர் மங்கிய அலுமினியச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். 400, 800, 1500, 2000 என நனைத்த உப்புத்தாளின் எண் ஏற ஏற, முந்தைய தாளின் கீறலை அடுத்தது அழிக்கும். பாலிஷ் அதன் பிறகே. துணியில் படியும் கருமை வெறும் அழுக்கன்று, தேய்ந்த அலுமினியமும்தான். கூலியோ சக்கரக் கணக்கில்.

காத்திருந்த வேதியியல் ஆசிரியர், அமிலம் ஊற்றினால் விரைவில் முடியாதா என்றார். முதியவர் நகமற்ற சுட்டுவிரலைக் காட்டினார். கழுவியபோது வலிக்கவே இல்லையாம். இரவில்தான் எலும்புவரை எரிந்ததாம். திரவத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆசிரியர் ஊகித்துவிட்டார்: ஹைட்ரோபுளோரிக் அமிலம். நீர்த்திருந்தாலும் தோலினுள் இறங்கும்; அலுமினியத்தையும் அரித்து வெளிறச் செய்யும். வகுப்பில் பலமுறை சொன்னதுதான். பேசாமல் அமர்ந்தார். இரண்டாம் சக்கரம் இன்னும் 400-இல் இருந்தது.