மஞ்சள் விளக்கு எரிந்தால் மெதுவாகப் பேசணும்!

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகருக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடம், நீதி மாளிகையின் 600-ம் எண் அறை. நாஜித் தலைவர்கள் மீதான விசாரணை 1945 நவம்பர் 20-ல் தொடங்கியது இங்கேதான். மாடியில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது.

நீதிபதிகளின் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன். கூண்டில் இருந்தவர்களுக்கோ ஜெர்மன். நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தால் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அதனால், பேசப் பேசவே மொழிபெயர்த்தார்கள். ஐபிஎம் நிறுவனம் ஹெட்போன் கருவிகளைக் கொடுத்தது. கூண்டுக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் 12 மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

தமிழைப் போலவே ஜெர்மனிலும் பல வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ‘உத்தரவிட்டேன்’ என்கிறாரா, ‘மறுத்தேன்’ என்கிறாரா? அந்தச் சொல் வரும்வரை மொழிபெயர்ப்பாளர் காத்திருக்கணும். ஒரு சொல் மாறினாலும் ஆபத்து; கடைசியில் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்கு அது.

அதற்காகவே பேசுபவர் முன்னால் இரண்டு விளக்குகள் வைத்தார்கள். மஞ்சள் எரிந்தால் வேகத்தைக் குறைக்கணும். சிவப்பு எரிந்தால் நிறுத்தணும்.

இன்றைய சர்வதேச மாநாட்டு மேடைகளில் பேசுபவர்களுக்கும் அதே பாடம்தான். உரையை முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். பெயர்களையும் எண்களையும் நிதானமாகச் சொல்லுங்கள். ஜோக் சொன்னால், சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், பதறாதீர்கள். எதிரே மஞ்சள் விளக்கு இல்லாவிட்டாலும், கண்ணாடி அறைக்குள் ஒருவர் உங்களுக்காக மூச்சுவாங்கிக் கொண்டிருப்பார்!