பதினைந்தாம் நிமிடம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையை நெல்லைச் சீமையினர் எளிதில் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஒரு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுபோனது. தாமிரபரணியின் நீர் நமது பங்கு இல்லத்திற்குள்ளும் புகுந்து, திருமுழுக்குப் பதிவேடுகள் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டுக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. நான்கு தலைமுறையினரின் பெயர்கள் அந்த ஒரு சாணில் தப்பின.

ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமிக்க ஒரு கணிப்பொறி வேண்டும் என்று தீர்மானித்தோம். பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பாளையங்கோட்டையில் பாகங்களை வாங்கித் தாமே பூட்டித் தந்தார். கூலி பெற மறுத்துவிட்டார். "ராத்திரி நானே கொண்டு வந்து வைக்கேன் சாமி" என்றார். நமக்கோ பொறுமையில்லை. ஆட்டோவின் பின்னிருக்கையில் பெட்டியைக் கிடத்தி, வெள்ளம் அரித்த சாலையில் குலுங்கிக் குலுங்கி ஊர் வந்து சேர்ந்தோம்.

புதிய கணிப்பொறி முதலில் குதிரையெனப் பாய்ந்தது. பதினைந்தாம் நிமிடத்தில் தளர்ந்தது. ஒரு பக்கத்தைச் சேமிக்க இரண்டு நிமிடம். சுட்டியை அசைத்தால் அம்பு பிறகு அசையும். விண்டோஸை இருமுறை அழித்து நிறுவினோம். நச்சுநிரல் தடுப்பானை நீக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அணைத்துத் தொடங்கியதும் நன்றாக ஓடும். நாமும் வென்றுவிட்டதாக எண்ணி அகமகிழ்வோம். மீண்டும் பதினைந்தாம் நிமிடம் வரும்.

ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அந்த இளைஞரைக் கண்டோம். பங்குப் பேரவையினர் நால்வர் அருகில் நிற்க, "தம்பி, பழைய சரக்கையா பூட்டிக் கொடுத்தாய்?" என்று கேட்டுவிட்டோம். அவர் முகம் வாடியது. "சாயங்காலம் வாரேன் சாமி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மாலையில் வந்தவர் எதையும் கழற்றவில்லை. முதலில், "எப்பம் மெதுவாகுது?" என்று கேட்டார். குருமடத்துத் தர்க்க வகுப்பில் நாம் படித்ததும் இதுவே: ஒன்றின் காரணத்தை அறிய, அது எப்போது தோன்றி எப்போது மறைகிறது என நோக்கவேண்டும். அத்தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம்! நினைவகத் தகடுகள் இரண்டும் உரிய துளைகளில் இருக்கின்றனவா, விண்டோஸ் இருப்பது பழைய சுழல்தட்டிலா வேகமான எஸ்எஸ்டியிலா என்று பார்த்தார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பின்னர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். நான்கு கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடிய செயலியின் வேகம் சிறிது நேரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. வெப்பம் 100 டிகிரி செல்சியஸ்.

பெட்டியைத் திறந்ததும் விளங்கிற்று. செயலியின்மேல் அமரும் விசிறியை நான்கு பிளாஸ்டிக் முளைகள் பலகையோடு பிடித்திருக்கும். அவற்றுள் ஒன்று துளையிலிருந்து வெளியே வந்திருந்தது. விசிறி ஒருபுறம் தூக்கி நின்றமையால் வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு எல்லையைத் தொடும்போது, தான் கருகிவிடாதிருக்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதாம். நாம் பழுது என்று திட்டியது அதன் தற்காப்பை. முளையைக் கழற்றியது ஆட்டோப் பயணம், பயணம் நம்முடையது.

பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணியளவு வைத்து, நான்கு முளைகளையும் எதிரெதிர் மூலையாக அழுத்தினார். ஒவ்வொன்றும் 'டக்' என்றது. அரைமணி ஓட்டியும் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டவில்லை. "ஆட்டோவுல கிடத்தாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும் சாமி" என்று பழியில் பாதியைத் தம்மேல் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். நாம் விடவில்லை.

அடுத்த ஞாயிறு அந்த நால்வரையும் நிறுத்தி, நடந்ததைச் சொல்லி, அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஒருவர் சிரித்தார், சிரிக்கட்டும். இப்போது மூன்றாம் பதிவேடு படமாகிக்கொண்டிருக்கிறது. ஏடு புரட்டத்தான் பொறுமையான கைகள் வேண்டியிருக்கின்றன. நம் கைகளை அவர் அதற்கு அனுமதிப்பதில்லை.