எப்படி நின்னுச்சு?

சனிக்கிழமை காலை. கிள்ளானில் அப்பா வீட்டு வாசலில் நின்று முப்பது முறையாவது கயிற்றை இழுத்திருப்பேன். புல்வெட்டும் மெஷின் ஒருமுறை இருமியது. அதோடு சரி. மூலை வீடு என்பதால் முன்னாலும் பக்கவாட்டிலும் புல். எல்லாம் கணுக்காலைத் தாண்டி வளர்ந்திருந்தது.

"பேசாம பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடலாம்ப்பா. தம்பியும் அதைத்தான் சொல்றான்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா பதில் சொல்லவில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. பேச்சு திரும்பிவிட்டது. நடையும் வந்துவிட்டது. வலது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. கயிறு இழுத்த கை அதுதான். அது ஓய்ந்த நாளிலிருந்து மெஷினும் ஸ்டோரில்தான் கிடந்தது.

வாரநாளில் தொழிற்சாலை, சனி ஞாயிறில் புல்வெட்டு. அப்பா பல வருடம் அப்படித்தான் ஓடினார். ஷா ஆலாமிலும் சுபாங் ஜெயாவிலும் உள்ள பங்களா வீடுகளுக்கு இந்த மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு போவார். நான் ஊடகத்துறையில் பட்டம் வாங்கியது அந்தப் பணத்தில்தான். இன்று காலையில் வானொலியில் என் குரலைக் கேட்டுக்கொண்டே வேலைக்குக் கிளம்பும் பலருக்கு அது தெரியாது. நானாகச் சொன்னதும் இல்லை.

"இன்னும் நூறு தடவை இழுத்தாலும் வராதும்மா," என்றார் அப்பா கடைசியாக. "மூணு விஷயம்தான். பெட்ரோல், நெருப்பு, காத்து. இதுல எது வரலன்னு முதல்ல பாரு."

இது எனக்குத் தெரிந்த பாடம்தான். நிகழ்ச்சி நடுவே சத்தம் நின்றுபோனால் நாங்கள் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பதில்லை. மைக்கா, கேபிளா, மிக்சரா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவோம். அதையே இங்கேயும் செய்தேன்.

முதலில் பிளக். கழற்றிப் பார்த்தால் முனை காய்ந்து கிடந்தது. "காஞ்சிருந்தா பெட்ரோல் வந்து சேரலன்னு அர்த்தம். நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, பத்தலைன்னு அர்த்தம். கரி படிஞ்சிருந்தா காத்து பத்தாது, ஃபில்டரைப் பாரு." ஃபில்டரைத் திறந்தேன். தூசிதான் இருந்தது, அடைப்பில்லை. அடுத்தது நெருப்பு. பிளக்கை அதன் மூடியில் செருகி, அதன் இரும்புப் பகுதி இன்ஜினில் படும்படி வைத்துவிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். கைப்பிடியில் உள்ள கம்பியைச் சேர்த்துப் பிடிக்காவிட்டால் இந்த மெஷினில் நெருப்பே வராது. ஆளில்லாமல் ஓடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அதன் கேபிள் தளர்ந்துபோனாலும் மெஷின் கிளம்பாது. அப்பா எழுந்து வந்து இடது கையால் கம்பியை அழுத்திப் பிடித்தார். நான் இழுத்தேன். நீலமாக ஒரு பொறி வந்தது.

ஆக, பெட்ரோல்தான்.

டேங்க்கைத் திறந்ததும் பழைய வார்னிஷ் போல ஒரு நெடி. பெட்ரோல் சும்மா கிடந்தால் ஒன்றிரண்டு மாதத்திலேயே கெடத் தொடங்கிவிடும். இது எட்டு மாதப் பெட்ரோல். அதைக் கேனில் வடித்துவிட்டு, கார்பரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தை ஸ்பேனரால் கழற்றினேன். உள்ளே மஞ்சளாகப் பிசின். நடுவில் பித்தளையில் ஒரு சின்னத் திருகு, அதில் ஊசிமுனை அளவு துளை. அதுதான் ஜெட். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை தெரிய வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

குண்டூசியை எடுத்தேன். "வேணாம், துளை பெருசாயிடும்," என்று தடுத்தார் அப்பா. பழைய வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையைப் பிரித்து நுழைத்தேன். கார்பரேட்டர் கிளீனரையும் அடித்தேன். வானம் புள்ளியாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு ஸ்டோரில் இருந்த கேனைத் தூக்கினேன். அதையும் தடுத்தார். அது முதுகில் மாட்டி வெட்டும் மெஷினுக்கு எண்ணெய் கலந்து வைத்தது. தள்ளிக்கொண்டு போகும் எங்கள் மெஷின் ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோல் தனி, இன்ஜின் எண்ணெய் தனி. கடைக்குப் போய்ப் புதிய ரோன் 95 வாங்கி வந்து ஊற்றினேன். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

பத்து நிமிடம்தான். பக்கவாட்டுப் புல்லில் பாதியில் நின்றுவிட்டது.

எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவோ நிதானமாக, "எப்படி நின்னுச்சு?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சுப்பா. அவ்வளவுதான்."

"ரேடியோவுல வேலை பார்க்குறே. காது இருக்குல்ல? பட்டுனு நின்னா நெருப்பு போயிடுச்சு. கல்லுல அடிச்சு நின்னு, அதுக்கப்புறம் கயிறு கையைத் திருப்பி இழுத்தா, பிளைவீல்ல இருக்குற சின்ன சாவி வெட்டுப்பட்டிருக்கும். நீ கேட்டது எது?"

யோசித்துப் பார்த்தேன். சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, பிறகு மூச்சு வாங்கி அடங்கியது. பசியில் நின்றது போல. டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறது, ஆனால் கீழே இறங்கவில்லை. மூடியைத் திருகினேன். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் இருக்கும் சின்னத் துளை அழுக்கில் அடைத்திருந்தது. மூடியைச் சோப்பு போட்டுக் கழுவி, காய வைத்து மாட்டினேன். அதன் பிறகு நிற்கவே இல்லை.

அதை நானே கண்டுபிடித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

முன்புறம் முடிவதற்குள் பெட்ரோல் தீர்ந்தது. சூடான இன்ஜினில் ஊற்றக் கூடாது என்பதால் ஆறட்டும் என்று இருவரும் உட்கார்ந்தோம். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வெட்டிய புல்லின் வாசனை. அந்த வாசனையில்தான் எனக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. கூடப் படித்தவர்களோடு காரில் சுபாங் ஜெயாவில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு முற்றத்தில் அப்பா புல் வெட்டிக்கொண்டிருந்தார். என் அப்பா காண்ட்ராக்டர் என்று நான் அவர்களிடம் சொல்லியிருந்தேன். காரிலிருந்து இறங்கி, பையைத் தோளில் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சொன்னேன். தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டேதான் சொல்ல முடிந்தது.

"தெரியும்மா," என்றார். "பார்த்தேன்."

"பார்த்தீங்களா?"

"அந்த முற்றம் அப்பவே வெட்டி முடிஞ்சிருச்சு. மெஷினை நிறுத்தலாம்னு கையெடுக்கப் போனேன். நீ இறங்கினே. சத்தம் நின்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. அதான், நீ உள்ள போற வரைக்கும் வெட்டின இடத்தையே இன்னொரு தரம் வெட்டினேன்."

வானொலியில் சில விநாடி மௌனம் வந்தாலே பதறிப் பேச்சை எடுக்கிறவள் நான். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா இடது கையை நீட்டி இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். "ஆறிடுச்சு. ஊத்து," என்றார்.

உங்கள் வீட்டு ஸ்டோரிலும் இப்படி ஒரு மெஷின் கிடந்தால், இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பிளேடுக்கு அருகில் கை கொண்டுபோகும் முன் பிளக் மூடியைக் கட்டாயம் பிடுங்கிவிடுங்கள். சாய்க்க வேண்டியிருந்தால் ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் அதில் இறங்கி ஒரே புகையாக வரும். பல வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோலை வடித்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு வையுங்கள். அதை ஓட்டியவர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

மாலையில் தம்பி போனில் கேட்டான், இரும்புக்காரன் வந்தானா என்று. நான் பதில் சொல்வதற்குள் அப்பா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "அவனையும் அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லு. பிளேடு தீட்டணும்."